மழையில் ஆறவிட்ட குவியல்

பாய்,

இன்று காலை வாசலூர்பட்டியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கோழி எரு லாரி போய்க்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு அது முக்கி நின்றது. எங்கள் பஸ்ஸும் பின்னால் நின்றது. கண்ணைக் கரிக்கும் அந்த வாடை உள்ளே வந்ததும் எல்லோரும் மடமடவென்று ஷட்டரை இறக்கினார்கள். முன் சீட்டில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எந்தப் புண்ணியவான் இதுக்குள்ளயே பொழைக்கறானோ" என்றார். நான் மட்டும் என் பக்கத்து ஷட்டரை இறக்கவில்லை. லாரிக்காரன் தார்ப்பாய் போட்டிருக்கவில்லை. எரு ஈரமாக இருந்தது. நீங்கள் பார்த்திருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் அவனைத் திட்டியிருப்பீர்கள். "வாடை வருதுன்னா சத்து காத்துல போவுதுன்னு அர்த்தம். போற சத்து ஊரு நெஞ்சுலதான் போய் உக்காரும்" என்பீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. செய்தி எனக்கு மறுநாள்தான் கிடைத்தது. நான் அடிவாரம் இறங்கி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. உங்கள் பெரிய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா உங்களப் பத்தி அடிக்கடி பேசுவாருங்க" என்றார். என்ன பேசுவார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. அதை இப்போது எழுதுகிறேன். வரிசையாகத்தான் எழுதுவேன். வரிசை தவறினால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றபின் இந்த மலைமேல் குண்டூர் நாட்டில் ஒரு துண்டு காப்பித் தோட்டம் வாங்கிக் குடியேறியவன் நான். மண்ணைக் கையில் எடுத்து மோந்து பார்த்ததால் ஊரார் எனக்கு 'மண்ணு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளிலிருந்து எருவை லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவருவது உங்கள் தொழில். முதல் நாள் என் வாசலில் இறங்கியதும் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்க அத்தா அத்தர் வித்தாருங்க சார். நான் கோழிப்பீ விக்கறேன். ரெண்டும் மூக்குத் தொழிலுதான்." நான் சிரிக்கலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் நீங்களே சிரித்து முடித்திருந்தீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பங்குனியில் ஊர் மொத்தமும் சேர்ந்து அன்னாசிக்கு இரண்டு லோடு எரு கேட்டிருந்தது. லாரி போகிற ரோடு ஊருக்கு மேலே, சரிவின் தலையில் முடிகிறது. அதற்குக் கீழே ஒரு நூறு அடியில் ஊற்று. ஊர் முழுக்க அதில்தான் குடிக்கிறது. எருவை ரோட்டு முடிவிலேயே கொட்டலாம், அல்லது ஓடை தாண்டி இருக்கும் சமதரைக்குக் கொண்டுபோகலாம். சமதரைக்கு லாரி போகாது. பெண்கள்தான் கூடையில் சுமக்க வேண்டும்.

ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். "படிச்சவரு நீங்க இருக்கறீங்க. எங்க கொட்டலாமுன்னு சொல்லுங்க சார்."

பெண்களின் தலைச்சுமை குறையட்டும் என்று நினைத்தேன். "இங்கேயே கொட்டிவிடலாம்" என்றேன்.

நீங்கள் லாரியின் படியில் நின்றபடி கீழே எட்டிப் பார்த்தீர்கள். "கீழ தண்ணி இருக்குதுங்களே சார்."

"சரிவு கிழக்குப் பக்கம் போகிறது. ஊற்று தெற்கே இருக்கிறது. அங்கே போகாது." அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சத்தமாக நான் பேசியது என் வாழ்நாளில் மிகக் குறைவு. மேல்மண்ணின் சரிவு நான் சொன்னபடிதான் இருந்தது. அடியில் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. உங்களுக்கும் சாயங்காலத்துக்குள் இன்னொரு நடை இருந்தது. டிப்பரைத் தூக்கிக் கொட்டிவிட்டீர்கள்.

அடுத்த தவறும் என்னுடையதுதான். மாட்டுச் சாணம் குளிர்ச்சி, கோழி எரு சூடு என்பது மலையில் எல்லோரும் சொல்வது. புது எருவை அப்படியே போட்டால் அன்னாசிக் குருத்து கருகிவிடும். அதனால் குவியலை மூடாமல் வெட்டவெளியில் போட்டு, இரண்டு மூன்று கோடை மழையை அதன்மேல் பெய்யவிடுவார்கள். மழை பட்டால் சூடு ஆறிவிடும். பிறகு அள்ளிப் போடுவார்கள், பயிர் கருகாது. அவர்கள் கண்ணால் கண்டது உண்மைதான். நானும் தலையாட்டினேன். நீங்கள் மட்டும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "சூடு ஆறுதுன்னா அது எங்கியோ போவோணுமில்ல சார். எங்க போவுது?"

முப்பது வருடம் அந்தச் சூட்டின் பெயரை நைட்ரஜன் என்று பதிவேட்டில் எழுதியவன் நான். மழை கழுவியது எங்கே போகும் என்று கேட்கத் தோன்றாமல் போனது எனக்குத்தான். நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

மாதம் ஒருமுறை ஊற்றுத் தண்ணீரைச் சோதனைத் தாளில் பார்ப்பது என் வழக்கம். யாரும் கேட்கவில்லை. பழக்கத்தை விட முடியாமல் செய்துகொண்டிருந்தேன். நைட்ரஜனிலிருந்து வரும் நைட்ரேட் உப்பு தண்ணீரில் இல்லாவிட்டால் தாள் வெள்ளையாக இருக்கும். இருந்தால் ரோஜா நிறம் ஏறும். சித்திரையில் இரண்டு நல்ல மழை பெய்தது. வைகாசி முதல் வாரம் தாளை நனைத்தபோது, அட்டையில் மிக அதிகம் என்று அச்சடித்திருந்த கடைசிக் கட்டத்தின் நிறம் வந்தது.

நான் நம்பவில்லை. தாள் பழசாயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் புதுப் பொட்டலம் பிரித்துப் பார்த்தேன். அதே நிறம். மூன்றாம் நாள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக் கசிவில் பார்த்தேன். அங்கே தாள் வெள்ளையாக இருந்தது. நான்காம் நாள் ஊற்றில் மீண்டும் அதே நிறம். ஒவ்வொன்றையும் நேரத்தோடு நோட்டில் எழுதினேன். பக்கத்தில் யார் தண்ணீர் எடுக்க வந்தார்கள் என்பதையும் எழுதினேன். எழுதிவிட்டால் எதையோ செய்துவிட்டதுபோல ஒரு நிம்மதி எனக்கு எப்போதும் உண்டு.

தினமும் நான் சோதிக்கும் நேரத்துக்கு வருபவள் கோகிலா. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இரண்டு மாதப் பெண் குழந்தை. தாய்ப்பால் போதாமல் டப்பாப் பால்மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவர்களுக்கு அந்தத் தண்ணீர் உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு அப்படி இல்லை. ரத்தம் மூச்சைச் சுமக்க முடியாமல் போய், உதடு நீலம் பாரிக்கும். இது எனக்குப் புத்தகத்தில் பக்கத்தோடு தெரியும்.

ஐந்தாம் நாள் கேட்டேன். "பாப்பாவுக்கு இந்தத் தண்ணிதானா அம்மா?"

"ஆமாங்க சார். நர்சம்மா காய்ச்சிக் குடுக்கச் சொன்னாங்க. நான் நல்லா சுண்டச் சுண்டக் காய்ச்சித்தான் குடுக்கறனுங்க." நல்ல தாய் என்று நான் சொல்லவேண்டும் என்பதுபோல முகத்தைப் பார்த்தாள்.

கிருமியாக இருந்தால் காய்ச்சினால் சாகும். இது சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் இன்னும் அதிகமாகும். அவள் எவ்வளவு அக்கறையாகக் காய்ச்சினாளோ அவ்வளவு கெடுதல். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். குவியல் என்பேன். யார் கொட்டச் சொன்னது என்பார்கள். ஒருவேளை தாளே தப்பாக இருந்தால், வீணாக ஊரைக் கலக்கியவன் ஆவேன். இத்தனையும் அவள் குடத்தை இடுப்பில் ஏற்றுவதற்குள் என் தலைக்குள் ஓடியது. "சரிம்மா" என்றேன். அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து உங்களுக்கு போன் செய்தேன். முழுதும் கேட்டீர்கள்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லை."

உங்கள் பக்கம் பண்ணையில் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. "வண்டியெடுத்துட்டு வாரேன். நான் வாரதுக்குள்ள சொல்லிப்போடுங்க சார்."

கோகிலாவின் வீட்டுக்குப் போனேன். குழந்தை தூளியில் இருந்தது. விலக்கிப் பார்த்தேன். உதட்டோரம் லேசாக நீலம் தெரிந்ததுபோல இருந்தது. தூளிச் சேலையே நீலம். அதன் நிறமோ என்று சேலையை நகர்த்திப் பார்த்தேன். தெரியவில்லை.

"கொஞ்ச நாளைக்கு ஓடைக்கு அந்தப் பக்கத் தண்ணியை எடுத்துக்கோம்மா."

"ஏனுங்க?"

"மழைக்குக் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது."

அவள் சிரித்தாள். "கலங்கலா? கண்ணாடியாட்டம் இருக்குதுங்க சார். உங்களுக்குக் கண்ணாடிய மாத்தோணும்." அடுப்பில் பால் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் வெளியே வந்தேன். இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை, பாய். அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

மதியம் உங்கள் லாரி வந்தது. மேற்கே மேகம் திரண்டிருந்தது. இறங்கும்போதே கேட்டீர்கள், "சொல்லியாச்சா?"

"சொல்லிவிட்டேன்."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு கோகிலாவின் வீட்டுக்கு நடந்தீர்கள். மூட்டுவலியோடு அந்தச் சரிவில் அவ்வளவு வேகமாக நீங்கள் இறங்கி நான் பார்த்ததில்லை. குழந்தைக்கு அப்போதுதான் பால் கொடுக்கப் போனாள்.

"கண்ணு, அதக் கீழ வெய்யி. இந்தத் தண்ணி பாப்பாவுக்கு ஆவாது. காய்ச்சக் காய்ச்ச இன்னும் மோசம்."

"சார் கலங்கல்னுதானே சொன்னாரு?"

நீங்கள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு அது என் பொய் என்று தெரியக்கூடாது என்பதற்காகவே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். "சாருக்குப் பதமாச் சொல்லித்தான் பழக்கம். நான் கோழிப்பீ விக்கறவன், பட்டுனு சொல்றேன். பாப்பாவத் தூக்கு. வண்டி நிக்குது." அவளையும் மாமியாரையும் உங்கள் டிரைவரோடு சுகாதார நிலையத்துக்கு அனுப்பினீர்கள். லாரி கிளம்பும்போது அந்தப் பெண் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் கூடிவிட்டது. ஊர்க்கவுண்டர் குவியலையும் ஊற்றையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் குரல் எழும்பாது, அன்று எழும்பியது. "யாரு இங்க கொட்டச் சொன்னது?"

அவர் மறந்துதான் கேட்டார். கொட்டிய அன்று அவரே என்னைக் கேட்டு, நான் சொல்லி நடந்தது. ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கும் அது நினைவில்லை. எப்போதும் மெதுவாகப் பேசுகிறவன் ஒருநாள் சத்தமாகச் சொன்னதும் யார் நினைவிலும் தங்குவதில்லை. நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு குவியலைப் பார்த்தேன்.

"வண்டி என்னுது. கொட்டுனது நானு" என்றீர்கள். "வையறதுன்னா அப்பறம் வைங்க. மழ வருது. கூடையெடுங்க."

ஒருவர்கூட அசையவில்லை. நீங்கள் மண்வெட்டியை எடுத்து முதல் கூடையை நிரப்பினீர்கள். அதை நான் தூக்கினேன். ஓடை தாண்டிச் சமதரையில் கொட்டிவிட்டுத் திரும்பியபோது நான்கு பெண்கள் கூடையோடு நின்றிருந்தார்கள். "பாய், உங்களால எங்க தலைதான் நாறுது" என்று ஒருத்தி சொன்னாள். "சீயக்காய் நான் வாங்கித் தாரேன் ஆத்தா, நடங்க" என்றீர்கள். தூறல் விழத் தொடங்கிய பிறகு எல்லோரும் ஓடினார்கள். சமதரையில் காய்ந்த இலை ஒரு அடுக்கு, காப்பித் தொலி ஒரு அடுக்கு, எரு ஒரு அடுக்கு என்று போட்டு, சுற்றி வரப்புக் கட்டி, தார்ப்பாயை இழுத்துக் கல் வைத்தோம். எங்கே என்ன போடவேண்டும் என்று நான் சொன்னேன். அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வந்தது. பெருமழை வந்தபோது பழைய இடத்தில் கறுப்புத் தடம் மட்டும் இருந்தது.

குழந்தையைச் சுகாதார நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து நலமாகத் திரும்பியது. தண்ணீரால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இன்னும் நாலு நாள் கொடுத்திருந்தால் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னதாக உங்கள் டிரைவர் சொன்னார். அந்த 'அடித்துச் சொல்ல முடியாது' என்பதைப் பிடித்துக்கொண்டு நான் பல மாதம் ஓட்டினேன்.

ஊற்றுத் தண்ணீரை இரண்டு பருவம் யாரும் குடிக்கவில்லை. மழை கழுவிக் கழுவித்தான் தாள் மெல்ல மெல்ல வெளுத்தது. அதுவரை ஊர்ப்பெண்கள் ஓடை தாண்டிச் சுமந்தார்கள். நான் குறைக்க நினைத்த சுமை அது.

அதன் பிறகு ஊரில் உங்களிடம் எரு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். வேறு வியாபாரியை வைத்துக்கொண்டார்கள். நம் இருவர் கைபட்ட அந்த அடுக்கு முறை மட்டும் நிலைத்துவிட்டது. எருவை ஊற்றுக்கு மேலே கொட்டுவதில்லை, மழைக்கு ஆறவிடுவதில்லை. சமதரையில் இலையும் தொலியும் கலந்து, மூடி, கிளறி, வாடை போய் மண் நிறம் வந்தபின்தான் அன்னாசிக்குப் போகிறது. குருத்து கருகுவதில்லை, ஈயும் மொய்ப்பதில்லை. அதற்கு 'மண்ணு சார் முறை' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்தும் பெரக்கரை நாட்டிலிருந்தும் பார்க்க வந்தார்கள். கெட்டதற்கு உங்கள் பெயர், நல்லதற்கு என் பெயர்.

நீங்கள் பலாப்பழம் சாப்பிடும் சாக்கில் என்னைப் பார்க்க வந்துகொண்டேதான் இருந்தீர்கள். ஒருமுறை கேட்டேவிட்டேன், உங்களுக்கு வருத்தம் இல்லையா என்று. சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே சொன்னீர்கள். "என்னையத் திட்டறதுக்கு அடிவாரத்துலயே ஆளு நெறைய இருக்குது. இங்கயும் நாலு பேரு சேந்தாங்க." பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா சார், அன்னிக்கு நீங்க சொல்லியிருக்கோணும். ஊருகிட்ட இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட." அதோடு பேச்சை மாற்றிவிட்டீர்கள். நீங்கள் இருக்கும்வரை அதைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை.

போன மாதம் ஊர்க்கூட்டம். புது லோடு வருவது பற்றிப் பேச்சு. ஊர்க்கவுண்டர் சொன்னார், "அந்த பாய் பண்ணுன மாதிரி ஆயிரப்படாது. மண்ணு சார் இல்லீன்னா அன்னிக்கு அந்தக் கொழந்த போயிருக்கும்."

நான் எழுந்தேன். "கவுண்டரே, அங்கே கொட்டச் சொன்னது பாய் இல்லைங்க. நான்."

யாரோ பின்னாலிருந்து, "உக்காருங்க சார், போனவருக்காக நீங்க எதுக்குப் பழிய ஏத்துக்கறீங்க" என்றார். சிலர் தலையசைத்தார்கள். என்னை நல்லவன் என்று நினைத்துவிட்டார்கள், பாய். உட்கார்ந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். உட்காரப் பாதி வளைந்தும்விட்டேன்.

நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பிரித்துப் படித்தேன். முதல் நாள், நிறம் கடைசிக் கட்டம், கோகிலா ஒரு குடம். இரண்டாம் நாள், புதுத் தாள், அதே நிறம், கோகிலா ஒரு குடம். மூன்றாம் நாள், ஓடைக்கு அப்பால் வெள்ளை, கோகிலா இரண்டு குடம். நான்காம் நாள். ஐந்தாம் நாள். அவள் சுண்டக் காய்ச்சுவதாகச் சொன்னது, நான் சரிம்மா என்றது, அதையும் எழுதி வைத்திருந்தேன். படித்து முடிக்கும்போது தாள் புரளும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

கோகிலா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. கோகிலா எழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"அஞ்சு நாளும் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சரிம்மான்னீங்களா?"

"ஆமாம்."

அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கூட்டம் கலையும்போது ஊர்க்கவுண்டர் மட்டும் என் பக்கத்தில் நின்றார். "பாய் ஊட்டுக்கு ஒருநடை போய்ட்டு வரோணுமுங்க" என்றார். போன வாரம் போய்வந்தார். உங்கள் மகன் எருவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தார்ப்பாய் போட்டுத்தான் வருவார்.

மன்னிப்பு என்று ஒன்று எனக்குக் கிடைத்ததா என்று உங்களிடம் சொல்லத் தெரியவில்லை. கோகிலா என்னிடம் பேசுவதில்லை. வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது நியாயம்தான். நான் இன்னும் எதையும் மூன்று முறைதான் சோதிக்கிறேன், என்னால் மாற முடியவில்லை. ஆனால் முதல் தாள் நனைந்ததுமே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். தப்பாக இருந்தால் மறுநாள் தப்பு என்று சொல்கிறேன். இரண்டு முறை தப்பாகியிருக்கிறது. சிரித்தார்கள். சிரிப்பு ஒன்றும் செய்யவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை அல்ல, திங்கட்கிழமைதோறும் ஊற்றுக்குப் போகிறேன். நேற்று முன்தினமும் போனேன். தாள் நிறம் மாற ஒரு நிமிடம் ஆகும். கோகிலா வந்து குடத்தைக் கல்லில் வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். தண்ணீரில் கை வைக்கவில்லை. நான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எடுக்கலாம்" என்றேன். அதன் பிறகுதான் குனிந்து மொண்டாள்.